ஆடம்ஸின் விண்வெளிப் பயணம்: கேட்பதா, படிப்பதா?

ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் விண்வெளி நகைச்சுவைக் கதையான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி'க்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பத் தொடங்கிய நாடகம் ஒன்று. மறு ஆண்டு வந்த நாவல் மற்றொன்று. நான் நாவல் வழியே போனேன். நாடகத்தை முதலில் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். சாலை போடுவதற்காக ஆர்தர் டென்ட்டின் வீட்டை இடிக்க வருகிறார்கள்; அன்றைக்கே விண்வெளிச் சாலைக்காகப் பூமியையே இடித்துவிடுகிறார்கள். நகைச்சுவையிலும் ஒன்றுக்கொன்று குறைவில்லை. வேறுபாடு முடிவில் இருக்கிறது. எனக்கு அதுவே எல்லாமும்.

முதல் வானொலித் தொடர் அரை மணி நேரப் பகுதிகள் ஆறு. கடைசிப் பகுதியில், பூமியை இழந்த ஆர்தர் வரலாற்றுக்கு முந்தைய பூமியிலேயே வந்து விழுகிறான். வாழ்வுக்கும் பிரபஞ்சத்துக்குமான விடை 42 என்று முன்பே தெரியும். அதற்குரிய கேள்வியை ஒரு பையிலிருந்து எழுத்துச் சில்லுகளாக உருவி எடுக்கிறான். வருவதோ ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் என்ன என்ற கேள்வி. ஆறொன்பது ஐம்பத்து நான்கு என்று வாய்ப்பாடு படித்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த கணமே, என்றோ இடிபடப்போகும் அந்தப் பசுமையான நிலத்தின் மேல் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் எழுந்தபோது தொண்டை அடைத்தது.

நாவலில் இந்த முடிவு கிடையாது. ஏறத்தாழ முதல் நான்கு பகுதிகளின் கதையோடு, பாத்திரங்கள் உணவகம் தேடிப் புறப்படும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. கெடு தாண்டிப்போனதால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு முடித்துவிடுங்கள் என்று பதிப்பகம் கேட்டுக்கொண்டதாக ஆடம்ஸே சொல்லியிருக்கிறார். 42க்குரிய அந்தக் கேள்வியை அறிய 1980இல் வந்த இரண்டாம் நாவலின் கடைசிவரை போக வேண்டும்.

நடிகர் பீட்டர் ஜோன்ஸ், கதைக்குள் வரும் வழிகாட்டி நூலின் குரலாகப் பேசும் நிதானம் நாடகத்துக்கு இன்னொரு பலம். ஆனால் பிரித்தானிய உச்சரிப்பு பழகாத காதுக்குச் சில வரிகள் நழுவும். நாவலில் நின்று நிதானித்து மறுபடி படிக்கலாம். 2004, 2005இல் வந்த பிந்தைய தொடர்களை ஒருமுறைதான் கேட்டேன். அவற்றுக்கும் இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன்.

நாவல்தான் வேண்டும் என்பவர்கள் முதல் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.