மூன்று ஆடிச்சாரல் கண்ட சைக்கிள் ஸ்டாண்டு

போன வாரம், சைக்கிளைத் தூக்கி மாட்டி ரிப்பேர் பார்க்கும் என் ஸ்டாண்டில், கவ்வுபிடி இருக்கும் தலையின் போல்ட்டை இரண்டாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மார்த்தாண்டத்திலிருந்து தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, உங்ககிட்ட இருக்க ஸ்டாண்டு இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கட்டா?"

மூன்று வருடத்துக்கு முன்னால் 3,200 ரூபாய்க்கு வாங்கியது. சீட்டைத் தாங்கும் குழாயை, அதாவது சீட் போஸ்ட்டைக் கவ்விப் பிடிக்கும் மடக்கு வகை. அதற்கு முன்பு கொல்லாமரக் கிளையில் கயிறு கட்டித்தான் சைக்கிளைத் தொங்கவிடுவேன். தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்திருக்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு அது ஆகாது, உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் எண்ணெய் லைனுக்குள் ஏறி பிரேக் லிவர் தொளதொளவென்று ஆகிவிடும்.

ஸ்டாண்டு வந்த அன்று பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. சைக்கிள் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கியர் மாற செயினைத் தள்ளும் பின் டீரெய்லரின் திருகைக் கால் சுற்று திருப்பினால், இவ்வளவு நாளும் கடகடவென்று இரைந்த செயின் சட்டென்று அமைதியாகிவிடும். அந்த ஒரு நொடிக்காகவே ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு வரை ஓட்டிவிட்டு வந்து, களைப்பைப் பார்க்காமல் ஸ்டாண்டை விரிப்பேன்.

ஆனால் அந்தத் தலை! சீட் போஸ்ட்டில் பிடித்தால் ஹேண்டில்பார், ஃபோர்க், முன்சக்கரம் எல்லாம் பிடிக்கு முன்னால்தான் தொங்கும். அந்தப் பாரத்தை இரண்டு வழவழப்பான தட்டுகளும் ஒரே ஒரு போல்ட்டும் தாங்க வேண்டும். தாங்கவில்லை. பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்ற ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் முன்சக்கரம் மெல்ல இறங்குகிறது. பழைய டியூப்பில் வளையம் வெட்டித் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். ஒரு மாதம் நின்றது. ரப்பர் நசுங்கியதும் மறுபடி வழுக்கல். அதோடு எங்கள் வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். முதல் ஆனி ஆடிச் சாரலிலேயே கூட வந்த போல்ட் துருவேறி, மரையோடு முறிந்தது. நாகர்கோவிலில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அகலமான வாஷரும் வாங்கி, கிரீஸ் தடவிப் போட்டேன். இப்போது அதன் மரையும் தேய்ந்துவிட்டது. கால், தண்டு, மடிப்பு எல்லாம் இன்றும் உறுதி. இருபது ரூபாய்ச் சாமானில் மிச்சம் பிடித்து நல்ல பொருளைக் கெடுத்திருக்கிறார்கள். கோபம் வருகிறது.

அதனால் தம்பி, விலை இறங்கினாலும் இதை வாங்காதே. பின்சக்கர அச்சான ஆக்சிலின் இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கும் சின்ன ஸ்டாண்டு ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். உன் சைக்கிள் ஆக்சில் அதில் உட்காருமா என்று மட்டும் பார்த்துக்கொள். பின்சக்கரத்தைக் கழற்ற முடியாது, சரி. செயின் கழுவவும் கியர் சரிபார்க்கவும் அது போதும். பெரிய வேலை வந்தால் இங்கே கொண்டு வா. முந்தின நாளே புதுப் போல்ட் போட்டு இறுக்கி வைக்கிறேன்.