புகையா, பூசணமா: மலைநாட்டு வீட்டுக்குள்ள காத்து நல்லாருக்க எதுக்கு சல்லி செலவழிக்கலாம்?

எங்க அம்மா வீட்டு அலமாரியைத் தொறந்தா ஒரு வாசனை வரும், பூசணமும் பூச்சி உருண்டையும் கலந்த மாதிரி, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல. ஆனா எங்க வீட்டுக்கு அந்த வாசனை வந்தே மூணு வருசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி இருந்தது புகை வாசனை. ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்தவன் சட்டையை மோந்து பாத்தே இவன் வீட்டுல வெறகடுப்புன்னு சொல்லிரலாம், அப்படி. கேஸ் வாங்குனோம், புகை போச்சு, சந்தோசப்பட்டோம், அடுத்த மழைக்கே அம்மாவோட பட்டு சீலை கரையில கருப்புப் புள்ளி புள்ளியா பூசணம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்ப யாருக்கும் தோணல.

இதைப் பத்தி தேடுனா எல்லாரும் ஒரே பாட்டுதான், ஜன்னலைத் தொறந்து வைங்க, ஏர் பியூரிஃபயர் வாங்குங்க, செடி வைங்க. ஜனவரி மாசம் விடியக்காலைல நுவரெலியாப் பக்கம் ஜன்னலைத் தொறந்து பாத்த ஆளு எழுதுன மாதிரியே இல்ல. டவுனே 1,868 மீட்டர் உசரத்துல இருக்கு, பனிக்காலத்துல புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். அதோட இங்க அடுப்பு சமைக்க மட்டுமா எரியுது? குளிக்க சுடுதண்ணி அதுலதான், காயாத யூனிஃபோர்ம் காயுறது அதுக்குப் பக்கத்துலதான், அந்தியில மலையிலேர்ந்து நனைஞ்சு வந்தவங்க கை காயுறதும் அங்கதான். இதை எடுத்துட்டு சமைக்க மட்டுமே தெரிஞ்ச ஒண்ணைக் கொண்டுவந்து வச்சா மத்த வேலையெல்லாம் யாரு பாக்குறது? இதை மனசுல வச்சுக்கிட்டுதான் ஒவ்வொண்ணா பாக்கப்போறேன்.

வெறகடுப்பு, ஆனா சரியா

வெறும் மூணு கல்லு அடுப்பு, சிம்னி இல்ல, ஜன்னல் சாத்தியிருக்கு. இதுக்கு ஆதரவா பேச என்கிட்ட ஒண்ணுமில்ல. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு, 2.5 மைக்ரோனுக்குக் கீழ உள்ள தூசி ஒரு நாள் சராசரி ஒரு கனமீட்டர் காத்துல 15 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது. பச்சை வெறகு எரியிற மூடுன குசினியில அது நூத்துக்கணக்குல நிக்கும், ஊதுகுழலால ஊதுற நேரம் ஆயிரத்தையும் தாண்டும். வீட்டுக்குள்ள வர்ற இந்த மாதிரி புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்தாங்கன்னு அதே நிறுவனம் கணக்கு சொல்லுது. எங்க அம்மாயி பீடி சுருட்டு எதையும் தொட்டதில்ல, கடைசி காலத்துல நாலு படி ஏற முடியாம இழுத்து இழுத்து மூச்சு விட்டாங்க, கண்ணுல வெள்ளை வேற விழுந்திருச்சு. வயசாயிருச்சுன்னு நெனச்சோம். மூச்சுக்குழாய் சுருங்குறதும் கண்ணுல புரை விழுறதும் ரெண்டுமே அடுப்புப் புகையோட சேர்த்து டாக்டருங்க சொல்ற சங்கதின்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஆனா வெறகையே வுட்டுறணும்னு இல்ல. அனகி அடுப்பு தெரியும்ல, ரெண்டு சட்டி வைக்கிற களிமண் அடுப்பு, சந்தையில கெடைக்கும், மத்ததோட பாத்தா வெல ஒண்ணுமேயில்ல. தீ மூடுன எடத்துல எரியுது, முன் சட்டியைத் தாண்டுற சூடு பின் சட்டியில படுது, அதனால வெறகு நல்லாவே மிச்சம். ஆனா அனகி வாங்கிட்டா புகை போயிரும்னு நெனைக்காதீங்க, அதுல புகை கொறையும், அவ்வளவுதான். புகையை வெளிய அனுப்புறது சிம்னி. அதுலதான் நாங்க ஏமாந்தோம். எங்க வீட்டுல சிம்னி கட்டுன மேசன் பாஸ் கூரை உச்சிக்கு ரெண்டடி கீழயே நிப்பாட்டிட்டாரு, பாக்க லட்சணமா இருக்குமாம். ஆடிக்காத்து அடிச்சப்ப போற புகையெல்லாம் திரும்பி குழாய் வழியா எறங்கி வந்து ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த அம்மா மூஞ்சியிலயே அடிச்சுது, ஒட்டடை வேற பொலபொலன்னு கொட்டி சம்பல் சட்டிக்குள்ள விழுந்திச்சு. பத்தடி சுத்துக்குள்ள எது உசரமோ அதைவிட ரெண்டடியாவது மேல நிக்கணும், இல்லாட்டி காத்து சுத்திக்கிட்டு கீழ தள்ளும். மேல தொப்பி ஒண்ணும் போடணும் மழைக்கு.

இன்னொண்ணு, கூரை அஸ்பெஸ்டாஸ்னா அதுல கிரைண்டர் வச்சு ஓட்டை போடாதீங்க, அந்தத் தூசி புகையைவிட மோசம். அந்த ஒரு ஷீட்டை நனைச்சு ஒடையாம முழுசா கழட்டிட்டு அந்த எடத்துல தகரம் போட்டு தகரத்துல ஓட்டை போடுங்க.

காசே செலவில்லாத சங்கதி வெறகைக் காயவைக்கிறது. புதுசா வெட்டுன டர்பன்டைன் மரத்துல பாதி எடை தண்ணிதான், நீங்க எரிக்கிறதே அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்கத்தான். ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வந்தா புகையில பாதிப் பிரச்சினை தானா போயிரும். கவ்வாத்து மலையிலேர்ந்து கொண்டாந்த மிலாறை, அதான் வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பை, அன்னைக்கே எரிக்காம அடுப்புக்கு மேல பரண்ல ரெண்டு மூணு வாரம் போட்டு வைங்க. பைனஸ் வெறகு ஈரமா எரிச்சா சிம்னி உள்ள தார் மாதிரி படியும், வருசத்துக்கு ரெண்டு தடவையாவது சொரண்டலன்னா அதுவே தீப்புடிக்கும்.

கேஸ்

தூசிக் கணக்குல கேஸ் வெறகை அடிச்சுத் தள்ளிரும், அதுல பேச்சே இல்ல. கரச்சல் வேற எடத்துல. கேஸ் எரியிறப்ப நைட்ரஜன் டையொக்சைட் வரும், வீசிங் உள்ள புள்ளைங்களுக்கு அது ஒத்துக்காது. அதைவிட நம்ம ஊருக்கு முக்கியமானது தண்ணி. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லீட்டருக்கு மேல தண்ணி ஆவியா வெளிய வருது, கெமிஸ்ட்ரி அப்படி. பன்னண்டரைக் கிலோ சிலிண்டர் ஒண்ணு முடியிறப்ப கிட்டத்தட்ட 20 லீட்டர் தண்ணியை வீட்டுக்குள்ள தெளிச்சிருக்கீங்க. வெறகுலயும் தண்ணி வரும்தான், ஆனா அது சிம்னி வழியா புகையோடயே போயிருது, அடுப்புச் சூடு செவத்தையும் காயவைக்குது. கேஸுக்கு யாரு சிம்னி வைக்கிறா? நாங்க என்ன பண்ணோம், கேஸ் வந்ததும் இனி புகையில்லைன்னு ஓட்டை ஒடசலையெல்லாம் குளிருக்காக அடைச்சோம். அந்த 20 லீட்டர் எங்க போகும், தகரத்துலயும் பின்னால உள்ள குளிர்ந்த செவத்துலயும் அலமாரி முதுகுலயும் போய் உக்காந்துச்சு. பட்டு சீலை கதை புரிஞ்சுதா.

வெலையைப் பத்தி என்ன சொல்றது. 2022ல சிலிண்டர் 4,900 ரூவாயையும் தாண்டிப் போச்சு, காசு இருந்தும் சிலிண்டர் இல்ல, கியூவுல நின்னவங்களுக்குத் தெரியும். அப்ப வெறகடுப்பை இடிக்காம வச்சிருந்த வீடுதான் தப்பிச்சுது.

கரண்ட் அடுப்பு

வீட்டுக்குள்ள காத்துக்கு இதைவிட சுத்தமானது கெடையாது, எரியிறதே ஒண்ணுமில்ல. தாளிக்கிற எண்ணெய்ப் புகை மட்டும்தான் வரும். ஆனா இண்டக்‌ஷன்ல நம்ம அலுமினியச் சட்டி ஒண்ணும் வேலை செய்யாது, காந்தம் ஒட்டுற சட்டிதான் வேணும், கடைக்குப் போறப்ப ஒரு காந்தத்துண்டு கொண்டு போங்க. ஹாட் பிளேட், இன்ஃப்ராரெட் குக்கர்னா எந்தச் சட்டியும் சரி. இந்த அடுப்புங்க 2,000 வாட் வரை இழுக்கும், லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, எப்பயோ போட்ட பழைய வயர்ல ஒரு பல்ப் வயரிலேர்ந்து இன்னொரு வயரு முறுக்கி எடுத்திருப்பாங்க பாருங்க, அதுல இதைக் குத்துனா அடுத்து எரியிறது லயம்தான். வயரிங் பாக்காம வாங்காதீங்க. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனதையும் மறந்துறாதீங்க. ரைஸ் குக்கரும் கேத்தலும் மட்டும் கரண்டுக்கு மாத்துனாலே எங்க வீட்டுல அடுப்பு எரியிற நேரம் பாதியாயிருச்சு, என்னைக் கேட்டா பெரும்பாலான வீட்டுக்கு அதுவே போதும்.

ஜன்னலா, எக்ஸோஸ்ட் ஃபேனா

மிஸ்ட் உள்ள வந்தா ஈரம் கூடும்னு அம்மா ஜன்னலைத் தொறக்கவே விடமாட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கணக்கு போட்டா மறுபக்கமா வருது. 12 டிகிரியில மூடுபனியா நிக்கிற காத்துல ஒரு கனமீட்டருக்கு 11 கிராம் போல தண்ணிதான் இருக்கு. அது உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடானா அந்தக் காத்தால 17 கிராம் வரை புடிச்சு வைக்க முடியும், அப்ப ஈரப்பதம் 60 சொச்சத்துக்கு எறங்கிரும். வெளியே பனியா இருந்தாலும் உள்ள அடுப்பு எரிஞ்சு சூடா இருந்தா ஜன்னல் தொறக்குறது வீட்டைக் காயவைக்கும். வீடும் வெளிய மாதிரியே ஜில்லுன்னு இருந்தா பிரயோசனமில்ல. அதனால சமைக்கிறப்பயும் சமைச்சு முடிஞ்சு கால் மணித்தியாலமும் எதிரெதிரா ரெண்டு பக்கம் தொறங்க, வெயில் எட்டிப்பாக்குற பத்தரை மணிக்கு மேல எல்லாத்தையும் தொறந்து போடுங்க, மத்த நேரம் சாத்திக்கோங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, 60க்குக் கீழ இருந்தா பூசணத்துக்குக் கொண்டாட்டமில்ல. எங்க படுக்குற அறையில மொதல் நாள் வச்சப்ப 86 காட்டுச்சு.

கேஸ் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றது எக்ஸோஸ்ட் ஃபேன்தான், எட்டு இஞ்சி போதும், பல்ப் ஒண்ணு எரியிற கரண்ட்தான். அடுப்புக்கு மேல செவத்து உச்சியில மாட்டணும், எதிர்ப்பக்கம் கதவடியில காத்து உள்ள வர வழி வேணும். ஆனா அதே குசினியில சிம்னி அடுப்பும் எரியுதுன்னா கதவைச் சாத்திட்டு ஃபேனைப் போட்டுறாதீங்க, சிம்னிக்குள்ள போற புகையை ஃபேன் திருப்பி இழுக்கும்.

மெஷினுங்க

கொழும்புல இருக்கிற பெரியம்மா மகன் ஏர் பியூரிஃபயர் ஒண்ணு கொண்டாந்து தந்தாரு. ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரோன் தூசியில 99.97 வீதம் புடிக்கும், பொய்யில்ல. ஆனா வெறகுப் புகை இருக்கிற வீட்டுல ஆறே வாரத்துல ஃபில்டர் தார் ரோடு கலராயிருச்சு, புது ஃபில்டர் வெலையைக் கேட்டு அம்மா அதுக்கு மேல பூச்சட்டி வச்சிட்டாங்க. புகையை உண்டாக்கிக்கிட்டே வடிகட்டுறது ஓட்டை வாளியில தண்ணி அள்ளுற மாதிரி. ஈரத்தையும் அது தொடாது. வீசிங் உள்ளவங்க படுக்குற அறைக்கு மட்டும், அதுவும் அடுப்பைச் சரி பண்ணுன பொறகு, வாங்கலாம்.

டீஹியூமிடிஃபயர், அதான் காத்துல உள்ள ஈரத்தை இழுக்குற மெஷின், வாங்குறதுன்னா கவனம். கடையில அதிகமா இருக்கிற கம்ப்ரெசர் வகை 15 டிகிரிக்குக் கீழ சரியா வேலை செய்யாது, உள்ள ஐஸ் புடிக்கும். கண்டி மாத்தளைப் பக்கம்னா ஓகே. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம்னா ஈரத்தை உறிஞ்சுற பொருள் வச்ச டெசிகண்ட் வகைதான் சரி, கரண்ட் கூட இழுக்கும், ஆனா கொஞ்சம் சூடும் வரும். அதுக்கு முன்னாடி அலமாரியை செவத்திலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி வைங்க, சட்டிக்கு மூடி போடுங்க, ஈரத்துணியை படுக்குற அறையில தொங்கப்போடாதீங்க. மீட்டர் 86லேர்ந்து 70க்கு வந்தது இதுலதான், ஒரு மெஷினும் இல்லாம.

செடியா? 1989ல நாஸா பண்ணுன சோதனையை வச்சு இன்னும் விக்கிறாங்க, அது மூடுன பெட்டிக்குள்ள பண்ணுனது. 2019ல அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்கு பாத்தவங்க ஒரு சதுர மீட்டருக்கு 10லேர்ந்து 1,000 செடி வரை வேணும்னாங்க, அப்ப அது வீடு இல்ல, பேராதெனிய பூங்கா. அழகுக்கு வைங்க. சாம்பிராணி சாமி நேரத்துக்குப் போதும்.

ஒண்ணு மட்டும் கோவமாவே சொல்றேன், குளிருதுன்னு தணலைச் சட்டியில அள்ளி கதவைச் சாத்துன அறைக்குள்ள வச்சிக்கிட்டு தூங்காதீங்க. புகையில்லாத தணல்லயும் கார்பன் மோனொக்சைட் வரும், வாசனையில்ல, கலரில்ல, தலைவலின்னு படுத்தவங்க எந்திரிக்க மாட்டாங்க. பியூரிஃபயரும் அதைப் புடிக்காது.

இதெல்லாம் தனி வீட்டுக்கு சரி, இரட்டை லயத்துக்கு என்ன பண்றது? சின்னம்மா இன்னும் அங்கதான், பின்செவத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம், இருக்கிறது முன்பக்கம் ஒத்த ஜன்னல், எதிரெதிரா தொறக்க வழியே இல்ல. அவங்களுக்கு மேலதான் வழி. போன மாசம் சித்தப்பா இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, அடுப்புக்கு நேரா உச்சித் தகரத்தை அரையடி தூக்கி, மேல இன்னொரு தகரம் தொப்பி மாதிரி அகலமா போட்டு பக்கவாட்டுல கம்பிவலை அடிச்சாரு. புகை நேரா மேல போகுது, சின்னம்மா இருமல் கொறைஞ்சிருக்கு. மே மாசம் தென்மேற்கு மழை சாய்ஞ்சு அடிக்கிறப்ப அதுக்குள்ளால தண்ணி வருதா இல்லையான்னு பாத்துட்டு சொல்றேன்.