மெஷின் கரண்ட் அடித்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

பழுதான சாமான் வேறு, ஆளை அடிக்கிற சாமான் வேறு. மிக்சி சுற்றாவிட்டால் அம்மியில் அரைக்கலாம். திருத்தக் கொடுத்த இடத்தில் ஒரு மாதம் கிடந்தாலும் குடி முழுகாது. தொட்ட கையை உதற வைக்கிற சாமானிடம் அந்தப் பொறுமை காட்ட முடியாது. ஆனாலும் நாங்கள் இரண்டுக்கும் ஒரே பாதையில்தான் போகிறோம். முதலில் தெரிந்த பாஸ், அதாவது ஊரில் திருத்த வேலை செய்கிறவர், பிறகு கடை, கடைசியில் "போனால் போகட்டும்". நானும் அந்தப் பாதையில் பாதித் தூரம் போய்த் திரும்பியவன். அதனால்தான் இருக்கிற வழிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

ஆரையம்பதியில் அம்மா வீட்டில், குளியலறைக்கு வெளியே சீமெந்துத் தரையில் வாஷிங் மெஷின். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் வாங்கி 7 கிழமை. ஒரு காலை அம்மா போன் எடுத்தா.

"மகன், மெஷினத் தொட்டா சுள்ளெண்டு இழுக்குது. கை ஈரமாக்குமெண்டு துடைச்சிட்டுத் தொட்டன். மறுகாவும் இழுக்குது."

"சுவிட்ச நிப்பாட்டி பிளக்கக் கழட்டுங்கம்மா. மெஷினத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர முன்பே பக்கத்துத் தெரு வயரிங் பாஸ் வந்து நின்றார், கையில் ஸ்க்ரூ ட்ரைவரோடு. "பின் மூடியக் கழட்டிப் பாப்பம் தம்பி, சின்ன வேலைதான்."

வழிகளில் மலிவானது இது. அன்றைக்கே முடியும், காசும் கொஞ்சம். பாஸ்மாரைக் குறைவாகச் சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்தில் கைராசிக்காரர்கள் நிறையப் பேர். ஆனால் வாரண்டி இருக்கிற மெஷினின் மூடியில் ஒரு ஸ்க்ரூ கழன்றால் போதும், பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி "ஆர் கழட்டினது?" என்றுதான் வரும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. எனவே பாஸை மறித்தேன். மெஷினைத் திறக்க வேண்டாம், திறக்காமல் சோதிக்கக்கூடியதைச் சோதியுங்கள் என்றேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கரண்ட் அடிக்குது என்று போனால் கடையில் என்ன சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்: "உங்கட வீட்டு எர்த் சரியில்ல." எரிச்சல் என்னவென்றால் அது பல நேரம் பாதி உண்மை. இப்போதைய மெஷின்களில் மின்னணுப் பலகை உண்டு, அதற்கு முன்னால் இரைச்சலை வடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் மெஷினின் இரும்பு உடலுக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். கை வைத்தால் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல இருக்கும், டெஸ்டரும் எரியும். இது வீட்டின் குற்றம். கல்லடியில் தொடங்கி கல்முனை வரை எங்கள் கரையோரம் முழுக்க மணல். ஆடி, ஆவணியில் அது காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பி பேருக்குத்தான் நிலத்தில் நிற்கும். அதோடு எர்த் முனையைத் தொங்க விட்டபடி இரண்டு முனை அடாப்டரில் செருகும் பழக்கம் வேறு.

மெஷினின் குற்றம் வேறு வகை. உள்ளே வயரின் உறை தேய்ந்திருக்கும், அல்லது மோட்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கசிவு பலமாக மண்ணுக்கு ஓடும், கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும். ட்ரிப் அடிக்கடி விழுகிறதே என்று அதை பைபாஸ் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தேர்மாமீட்டரை உடைக்கிற வேலை அது.

பாஸ் முதலில் சுவரில் இருந்த பிளக் பேஸைக் கழற்றினார். எர்த் வயர் ஸ்க்ரூவில் இறுகாமல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது, கடைக்காரர் சொல்லப்போவது சரிதான் போலிருக்கிறது என்று. அவர் அதை இறுக்கி, மூடி, மெஷின் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். ட்ரிப் டக்கென்று விழுந்தது. வீட்டிலிருந்த மற்ற எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம், விழவில்லை. மெஷினைப் போட்டால் விழுகிறது. பிறகு வயர் உறையின் தடையை அளக்கும் மெகர் ஒன்றை இரவல் வாங்கி பிளக் முனைகளில் வைத்து அளந்தார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டியது. புதிய மெஷினில் அது எவ்வளவோ மேலே நிற்க வேண்டும்.

ஆக, இரண்டு பேரும் குற்றவாளிகள். வீடு சின்னக் குற்றவாளி, மெஷின் பெரிய குற்றவாளி. பாஸ் தன் பில் புத்தகத்தில் திகதி, அளவு, "மூடி கழட்டப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். முதல் வழியிலிருந்து எடுக்க வேண்டியது இந்தத் துண்டைத்தான், திருத்தத்தை அல்ல. அவருக்குத் தொழில் தகுதிச் சான்றிதழும் இருந்தால் அந்தத் துண்டுக்கு இன்னும் பலம்.

கடையும் கம்பெனியும்

கடை பக்கத்தில் இருக்கிறது, முகம் தெரிந்த ஆட்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான். இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, அந்தச் சாமானை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். உங்கள் காசை வாங்கியவர் கடைக்காரர், எனவே "அது கம்பெனி பாக்கும்" என்று அவர் கைகழுவ முடியாது. ஆனால் கடையின் பலமே அதன் பலவீனமும். எங்கள் ஊரில் கடைக்காரர் யாரோ ஒருவருக்கு மச்சான், யாரோ ஒருவருடன் படித்தவர். தேத்தண்ணி வரும், சிரிப்பு வரும், "ரெண்டு நாளில ஆள் வருவார்" என்ற வார்த்தையும் வரும். எங்களுக்கு அந்த இரண்டு நாள் 9 நாளானது.

கடையில் ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்தேன். திருத்தத்துக்கு எடுக்கும் சாமானைப் பதியும் ஜொப் காட் எழுதிய பொடியன் பழுது என்ற இடத்தில் "செக்கிங்" என்று போட்டான்.

"தம்பி, மெஷினத் தொட்டா கரண்ட் அடிக்குது, ட்ரிப் விழுது எண்டு எழுதுங்க."

"அது அவங்க பாத்து எழுதுவாங்க அண்ணன்."

"இல்ல, நான் சொன்னத எழுதுங்க. நான் சொன்னதெண்டே எழுதுங்க."

முதலாளியைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அந்த ஒரு வரி பிறகு வாரண்டி காட்டை விடப் பெறுமதியாக இருந்தது. "செக்கிங்" என்றால் எதுவும் இருக்கலாம். "கரண்ட் அடிக்குது" என்று எழுதிய பிறகு ஆபத்து எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கம்பெனி வேறு மாதிரி. முகம் இல்லை, தேத்தண்ணி இல்லை, ஆனால் மாற்றித் தருவதா என்ற முடிவு அங்கேதான் இருக்கிறது. தொடர் இலக்கத்தைச் சொல்லி முறைப்பாட்டு இலக்கம் வாங்கலாம். டெக்னீஷியன் வந்து எழுதும் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "கொழும்புக்கு அனுப்புறம்" என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல், போக வரக் கிழமைக் கணக்கு. கடையையும் கம்பெனியையும் ஒப்பிட்டால் எனக்குக் கம்பெனிதான் மேல். ஆனால் இரண்டு பேரும் தங்கள் வழக்கில் தாங்களே நீதவான்கள், இரண்டு பேர் வாயிலும் "திருத்தித் தருவம்" என்பதுதான் முதலில் வரும். சுற்றாத மெஷினுக்கு அது நியாயம். அடிக்கிற மெஷினுக்கு ஒரு தடவை விடலாம், இரண்டாம் தடவைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இது சட்டம் போட்ட கணக்கு அல்ல, என் கணக்கு.

எங்களுடையதைத் திருத்தி அனுப்ப 10 நாள். வந்து 8ஆம் நாள் ட்ரிப் மறுபடி விழுந்தது.

தவணைக்கு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக் கொள்வனவு என்றால் கடைசித் தவணை கட்டும் வரை சாமான் அவர்களுடையது. "உங்கட சாமான் எங்கட ஆளை அடிக்குது" என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்காகக் கோபத்தில் தவணையை நிறுத்தி, அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

1977

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது, தொலைபேசி 1977. சொன்ன அல்லது சொல்லாமல் சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று வியாபாரிக்கோ உற்பத்தியாளருக்கோ கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி வைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை.

ஆனால் இந்த அதிகாரத்தைத் தரும் 13ஆம் பிரிவிலேயே ஒரு முள் இருக்கிறது. விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வாரண்டி காட்டில் 2 வருடம் என்று போட்டிருப்பதால் முறையிடவும் 2 வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு மணிக்கூடுகள். 7 கிழமை, கடையின் 9 நாள், திருத்தத்தின் 10 நாள், பிறகு இந்த 8 நாள் என்று விரல் விட்டு எண்ணினால் 76ஆம் நாள். கைவசம் இரண்டு கிழமை. கடைக்காரர் கெட்டவர் அல்ல, அவருடைய நல்ல வார்த்தைதான் என் நாட்களைத் தின்றிருந்தது. 3 மாதம் தாண்டிவிட்டவர்களும் தாங்களே தீர்ப்பு எழுதாமல் 1977இல் கேட்டுப் பாருங்கள். சேவை பற்றிய முறைப்பாட்டுக்கு அந்தச் சேவை வழங்கிய நாளிலிருந்து 3 மாதம் என்கிறது அதே பிரிவு. திருத்த வேலையும் ஒரு சேவைதானே.

கடிதத்தைத் தமிழில் எழுதினேன். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பில், வாரண்டி காட், இரண்டு ஜொப் காட், பாஸின் துண்டு, மெஷினின் பின்பக்கத் தகட்டின் படம், எல்லாவற்றின் பிரதியும் வைத்துப் பதிவுத் தபாலில் போட்டேன். கம்பெனிக்கும் ஒரு பிரதி. என் ஒப்பீட்டில் ஆபத்தான பழுதுக்கு இந்த வழிதான் முன்னுக்கு நிற்கிறது, கம்பெனி முறைப்பாட்டுடன் சமாந்தரமாக. ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று வரிசையில் நின்றால் நாள் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க சமையலறைகளில் காஸ் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதைக் காரணமாகச் சுட்டியது. ஒரு வீட்டுக்காரர் தன் ஊர்க் காஸ் கடையோடு மட்டும் சண்டை பிடித்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. உங்கள் மெஷினைப் போல அதே தொகுதியில் வந்த இன்னொன்று தெற்கே காலி நகரில் யாரையோ அடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு முறைப்பாடும் ஒரே மேசைக்கு வருவது இந்த வழியில் மட்டும்தான். குறை என்னவென்றால் இது அவசர சேவை அல்ல. விசாரணைத் திகதி வரும் வரை மெஷின் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். வயரிங்கிலோ மீட்டரிலோ பொறி பறந்தால் அது மின்சாரம் தருகிறவர்களின் 1987 என்ற தொலைபேசி, இதோடு குழப்ப வேண்டாம்.

அடுத்த வழி மத்தியஸ்த சபை. அது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. பெரும்பாலும் வார இறுதியில், ஊர்ப் பள்ளிக்கூடம் போன்ற இடத்தில் கூடும், சட்டத்தரணிகள் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய பழைய பிரிட்ஜ், திருத்தக் கொடுத்து எரித்துவிட்ட பாஸ், இப்படிப்பட்ட பிணக்குகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே சமாதானம்தான் செய்வார்கள், மெகர் வைத்து அளக்க மாட்டார்கள். களுவாஞ்சிக்குடியில் எங்கள் சொந்தக்கார மாமி ஒருவர் கரண்ட் அடிக்கிற பழைய பிரிட்ஜுக்கு அங்கே போய் "ஆளுக்குப் பாதி" என்று முடித்து வந்தா. பாதிக் காசு கிடைத்தது, பிரிட்ஜ் அவவிடமே நின்றது. அதை அவ வேறொருவருக்கு விற்றுவிட்டா என்று பிறகு கேள்விப்பட்டேன்.

யாருக்காவது காயமோ, வீட்டில் தீயோ என்றால் மேலே சொன்ன எதுவும் போதாது. பொலிஸ் முறைப்பாடு, ஆஸ்பத்திரித் துண்டு, எரிந்த சாமானை எறியாமல் வைத்திருப்பது, பிறகு நீதிமன்றம். இப்படியான நட்டஈட்டு வழக்குக்குக் காலவரை 2 வருடம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் அனுப்பிய சாமானுக்கு இந்த வழிகள் எதுவும் சரிவராது. அண்ணன் சவுதியிலிருந்து அனுப்பிய மிக்சிக்கு இங்கே விற்றவர் இல்லை, பில் இல்லை. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அங்கத்தைய மோட்டர் சில இங்கே மெதுவாகச் சுற்றி அளவுக்கு மேல் சூடாகும். அதற்கு பாஸ்தான் கதி, அவர் சரிவராது என்றால் தூக்கிப் போடுவதுதான் கதி.

எங்கள் மெஷினுக்கு விசாரணை நாள் வர முன்பே கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதியது தருகிறோம், பழையதைத் தாருங்கள் என்றார்கள். மாற்றித் தந்ததை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். புதியது வந்து இறங்கியும் அம்மா அதில் ஒரு துணி போடவில்லை. அடுத்த நாள் பாஸ் மெகரோடு வந்து அளந்து, ஈரக் கையால் தானே தொட்டுக் காட்டிய பிறகுதான் போட்டா.