இருவருக்கு மட்டும் இடம்: எம்.ஜி. மிட்ஜெட் 1275 பற்றிப் பழைய உரிமையாளர் ஒருவரின் மதிப்புரை

எங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருந்த காலத்தில், இருவர் மட்டுமே அமரக்கூடிய கார் ஒன்றை நான் வாங்கினேன். அது 1975ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சி, இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் கட்டிக்கொடுத்த இரண்டு படுக்கையறை வீட்டில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முதல் சேமிப்பில் மகன் ஒரு வேன் வாங்கி வருவான் என்று காத்திருந்த அப்பா, வாசலில் வந்து நின்ற சிவப்பு நிற மிட்ஜெட்டை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மற்ற ஏழு பேர் எங்கே உட்காருவார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது ஆண்டுகள் அந்தக் காரை வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு நேரான பதிலை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞன் ஒருவன், டர்பனை அடுத்த பைன்டவுனில் அதே வகைக் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா தாத்தா என்று கேட்கிறான். அவனுக்காகத் தொடங்கியதுதான் இந்த மதிப்புரை.

மிட்ஜெட் 1961இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னால் அதே தொழிற்சாலையில் உருவான ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்தான் இதன் மூத்த உடன்பிறப்பு. மேலே தவளைக் கண்கள்போலத் துருத்தி நின்ற முகப்பு விளக்குகளால் இன்றும் அடையாளம் காணப்படும் அந்த முதல் ஸ்ப்ரைட்டுக்குக் கதவில் வெளிக் கைப்பிடியும் கிடையாது, பின்பெட்டிக்கு மூடியும் கிடையாது. சாமான் வைக்க வேண்டுமென்றால் இருக்கைகளுக்குப் பின்னால் குனிந்து கையை உள்ளே விட வேண்டும். என்னுடையது மூன்றாம் வடிவத்தில் 1967இல் உருவான கார். 1275 சி.சி. எஞ்சின், 65 குதிரைத்திறன், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். மொத்த நீளம் மூன்றரை மீட்டர்தான். எடை ஏறக்குறைய 700 கிலோ. காகிதத்தில் இந்த எண்கள் யாரையும் அசைக்கப் போவதில்லை. அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். இன்றைய சிறிய குடும்பக் கார்கள் பலவும் இதைச் சிரமமில்லாமல் எட்டிவிடும்.

ஆனால் மிட்ஜெட்டில் வேகத்தை அளப்பது கடிகாரம் அல்ல, உட்காருமிடம். இருக்கை தரையை ஒட்டி இருப்பதாலும், கதவின் மேல்விளிம்பு முழங்கை உயரத்திலேயே முடிந்துவிடுவதாலும், மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகும்போதே சாலை நம் இடுப்புக்கு அடியில் உருவிக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப இரண்டேகால் சுற்றே போதும். மணிக்கட்டை அசைத்தாலே மூக்கு திரும்பிவிடும். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்நாட்டில் வேக வரம்பை 80 கிலோமீட்டராகக் குறைத்திருந்த நாட்களில், பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்துக்கொண்டிருக்க, அந்த வரம்புக்குள்ளேயே முழு இன்பமும் கிடைத்தது எங்களைப் போன்றவர்களுக்குத்தான். வார இறுதியில் பெட்ரோல் விற்கமாட்டார்கள் என்பதால் வெள்ளிக்கிழமை மாலையே தொட்டியை நிரப்பி வைப்பேன். 27 லிட்டர் கொள்ளும் அந்தச் சிறு தொட்டி, லிட்டருக்குப் பத்து, பதினொன்று என்று கணக்கிட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வர ஏராளம்.

அந்தப் பயணத்துக்குப் பழைய மெயின் ரோட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கர்ஜித்து ஏறி, போத்தாஸ் ஹில்லைத் தாண்டியதும், இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறி வளையும் சாலைக்கு ஓரத்தில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு விரியும். டிரமண்டிலிருந்து இஞ்சங்கா வரையுள்ள வளைவுகளில் இந்தக் கார் நடந்துகொள்ளும் விதத்தை நான் குறை சொல்லவே முடியாது. பின்சக்கரங்கள் சற்று வழுக்கத் தொடங்கினால் முதலில் முதுகுத்தண்டுக்குத்தான் தெரியும்; கண் பார்ப்பதற்குள் கை திருத்திவிடும். குழி விழுந்த சாலையில் மட்டும் ஒவ்வொரு குழியையும் பல் வரை எண்ணிச் சொல்லும்.

இனிக் குறைகள். டர்பனின் ஜனவரி, பிப்ரவரி கோடை வெயிலில் ரோபோ (போக்குவரத்து விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனால் வெப்பமானியின் முள் மேலேறும். அப்போது செய்ய வேண்டியது காருக்குள் இருக்கும் ஹீட்டரைத் திறந்துவிடுவது. எஞ்சினின் சூடு ஹீட்டர் வழியாக நம் கால்களுக்கு வந்து சேர, முள் இறங்கும். தைப்பூசக் காவடி நாளில், நடுப்பகலில், ஹீட்டர் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கார் ஓட்டியவன் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது என்பதால் வண்டி முழுதாக நிற்கும் முன் அதில் தள்ளினால் பல்சக்கரங்கள் அலறும். துணிக்கூரையை மூடிய பிறகும் மழை இரண்டு இடங்களில் உள்ளே வரும்: ஒன்று கண்ணாடியின் மேல்மூலை, மற்றது பயணியின் முழங்கால். எஞ்சினின் பின்முனையில் முறையான எண்ணெய்த் தடுப்பு வளையம் இல்லாததால் நிறுத்திய இடத்திலெல்லாம் ஒரு சொட்டு எண்ணெயை விட்டுவிட்டுத்தான் போகும். அம்மா அதற்கென்றே வாசலில் ஒரு பழைய தகரத் தட்டை வைத்திருந்தார்.

மின்சாரம் தனிக்கதை. 1967ஆம் ஆண்டு முடியும் காலம் வரை வந்த மிட்ஜெட்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகுதான் எதிர்முனைக்கு மாற்றினார்கள். இதை அறியாத என் மாமா, அன்போடு ஒரு கேசட் பிளேயரை வாங்கிவந்து, வழக்கமாக எல்லாக் கார்களிலும் பொருத்துவதுபோல் பொருத்தினார். முதல் பாட்டின் முதல் அடி முடிவதற்குள் புகை வந்துவிட்டது. அதற்குப்பின் அந்தக் காரில் பாட்டே கிடையாது. பழைய கார் வாங்குகிறவர்கள் எதற்கும் முன்னால் இந்த இணைப்பைப் பார்த்துவிட வேண்டும்.

பாட்டு இல்லாமல் போனதுதான் இந்தக் காரைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்திக்குக் காரணம். ஒன்பது பேர் வாழும் வீட்டில் இரண்டு பேர் தனியாகப் பேசுவதற்கு இடமே இல்லை. சமையலறையில் பேசுவது படுக்கையறையில் கேட்கும், பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருக்கும் வீட்டிலும் கேட்கும். மிட்ஜெட் வந்த பிறகு அந்த இடம் கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே கூட்டிப் போக முடியும் என்பதால் வீட்டில் முறை வைத்துக்கொண்டார்கள். தம்பி பள்ளிப் படிப்பை விட்டுவிட எண்ணியதை அப்பாவிடம் சொல்லும் முன் என்னிடம் சொன்னது ஹிக்கின்சன் ஹைவேயில். அக்கா தன் திருமணப் பேச்சில் தனக்கு விருப்பமில்லை என்று சொன்னது மழையில் துணிக்கூரையை மூடிக்கொண்டு ஓரமாக நிறுத்தியிருந்தபோது. கூரை திறந்து எண்பதில் போகும்போது காற்றின் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது. ஆகவே பேச வேண்டியதை மனத்தில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் வரை காத்திருந்து பேசுவார்கள். அந்தக் காத்திருப்பு எங்கள் வீட்டில் வேறெங்கும் கிடையாது.

ஆயா என்று நாங்கள் அழைத்த பாட்டியின் முறை ஞாயிற்றுக்கிழமை காலை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர் அவர். எழுபது வயதுக்கு மேல். இவ்வளவு தாழ்வான இருக்கையில் புடவையோடு ஏறுவதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: முதலில் முதுகைக் காட்டி விளிம்பில் அமர்வது, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவது, முந்தானையை இழுத்துத் தொடைக்கு அடியில் செருகுவது. பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் எழுதிய கார் குறிப்பொன்றில் இதே முறையைப் பெண்களுக்குப் பரிந்துரைத்திருந்ததைப் படித்துச் சிரித்தேன். அவரைக் கடற்கரைச் சாலையான மரைன் பரேடு வழியாக அழைத்துப் போவேன். அந்தச் சாலையில் கார் ஓட்ட எங்களுக்குத் தடை இல்லை; வெள்ளையருக்கென்று ஒதுக்கியிருந்த அந்தக் கடற்கரையில் இறங்கிக் கடலில் கால் நனைக்கத்தான் தடை. "ஏம்பா, இங்க இறங்கக் கூடாதா?" என்று முதல் தடவை மட்டும் கேட்டார். அதற்குப்பின் நான் வேகத்தைக் குறைத்தால், "நிக்காத, போ" என்பார். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் ப்ளூ லகூனில்தான் நிறுத்துவோம். அங்கே நம்மவர் கூட்டம் இருக்கும். அவர் கேட்டோ மேனரின் வாழைத் தோட்டங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த இருக்கையில் அமர்ந்தபடி சொன்னதுதான். வீட்டில் யாரிடமும் அதைப் பேசியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, காருக்கு வருகிறேன். மிட்ஜெட்டைக் கொல்வது எஞ்சின் அல்ல, துரு. இதற்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்கப் பெட்டிப் பகுதிகள்தான் உடலின் முதுகெலும்பு. டர்பனின் உப்புக்காற்று அவற்றை உள்ளிருந்து தின்றுவிடும். வெளிப் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. 1981இல் என் காரை கார் உடலைத் தட்டிச் சீராக்கும் ஒரு பேனல் பீட்டர் பட்டறையில் விட்டேன். புதுத் தகடு பற்றவைத்திருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஓராண்டு கழித்து ஜாக்கி வைத்துத் தூக்கியபோது கதவைத் திறக்க முடியவில்லை. உடல் நடுவில் மடங்கிக் கதவைக் கவ்விக்கொண்டது. சுரண்டிப் பார்த்தால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளும் அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பட்டியும் இருந்தன. ஆகவே பார்க்கப் போகிறவர் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்க வில்தகடுகள் வந்து பொருந்தும் இடத்தை அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கு அடிக்கடி கிரீஸ் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். வைக்கவில்லை என்றால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போதே தெரிந்துவிடும்.

எஞ்சினைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் தொடங்கிய ஏ-சீரிஸ் வகை இது; மோரிஸ் மைனரிலும் மினியிலும் இருந்தது இதன் உடன்பிறப்புகளே. கேப் டவுனை அடுத்த பிளாக்ஹீத்தில் மினிகளை உருவாக்கி வந்ததால் இந்நாட்டில் அதன் உதிரிபாகங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பாயிண்ட், வால்வு, பம்ப் என்று பலவற்றையும் மினிக்கு விற்பவர்களிடமே வாங்கிக்கொள்வேன். வால்வு அமரும் இடங்களைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில் நின்றுபோனதால், அவற்றுக்குக் கடினமான வளையம் போட்டிருக்கிறார்களா என்பதை இப்போது கூடுதலாகக் கேட்க வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களையும் ஒரே அளவில் மூச்சுவிட வைப்பது மட்டும் பழக வேண்டிய வேலை. ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதலில் ஒன்றின் வாயிலும் பிறகு மற்றொன்றின் வாயிலும் வைத்து, சீற்றம் இரண்டிலும் ஒத்திருக்கும் வரை திருகைத் திருப்ப வேண்டும். மிருதங்கம் வாசிக்கும் என் சிறிய தகப்பனார் இதை என்னைவிட நன்றாகச் செய்வார். கார் ஓட்டத் தெரியாதவர் அவர்.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயரோடு ஒப்பிடச் சொல்லி அந்த இளைஞன் கேட்டான். ஸ்பிட்ஃபயர் அழகான கார். இத்தாலியர் மிக்கெலோத்தி வரைந்த வடிவம். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகச் சாய்ந்து திறப்பதால் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்; தனிச் சட்டகம் உண்டு; நெட்டையானவருக்குக் கால் நீட்ட இடமும் அதிகம். ஆனால் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றின் பின் அச்சு, வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடும். என் அத்தை மகனோடு அதில் ஒருமுறை போனதே எனக்குப் போதும். 1974க்குப் பின் வந்த, கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த மிட்ஜெட்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். எஞ்சின் 1500 சி.சி. ஆனாலும், உயரத்தைக் கூட்டியதில் வளைவில் பழைய உறுதி போய்விட்டது.

1984இல் இரண்டாவது மகள் பிறந்த பிறகு காரை விற்றேன். மனைவி மடியில் ஒரு குழந்தை, இருக்கைக்குப் பின்னால் இன்னொன்று என்று ஓட்டுவது பாதுகாப்பு அல்ல என்பதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. இந்த வகைக் கார்களில் டோனோ என்ற துணிமூடி ஒன்று உண்டு. நடுவில் ஜிப் இருக்கும். தனியாகப் போகும்போது பயணியின் பக்கத்தை மூடிவிட்டு ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகளில் அதை நான் அப்படிப் பயன்படுத்தியது ஒரே ஒரு நாள்தான், வாங்கியவரிடம் காரைக் கொண்டுபோய் விட்ட நாள்.

ஆகவே, உடல் உறுதியாக இருந்தால் வாங்கலாம். வீட்டில் வேறொரு கார் இருந்தால் மட்டும் வாங்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும். வருகிற ஞாயிறு காலை அந்தப் பைன்டவுன் காரைப் பார்க்க இருவரும் அந்த இளைஞனுடைய பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், போகிறோம். காந்தமும் டார்ச்சும் எடுத்து வைத்துவிட்டேன். கார் தேறினால், திரும்பும்போது பக்கியை யார் ஓட்டுவது, மிட்ஜெட்டை யார் ஓட்டுவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.