ஜம்ப்ளஃபா, விம்சிகாட்டா, பிராம்பிள்கோஸ்டா? காற்றில் திரியும் செடிகளில் யாருக்கு ஆறாவது இடம்

போக்கிமான் வீடியோ கேமில் டபுள்ஸுக்கு, அதாவது பக்கத்துக்கு இரண்டு போக்கிமான் இறங்கும் ஆட்டத்துக்கு, டீம் ஒன்றை அடுக்கும்போது ஐந்து இடம் மளமளவென்று நிரம்பிவிடும். ஆறாவது இடம்தான் இழுத்தடிக்கும். வேகமான கிராஸ் டைப் (செடி இனம்) வேண்டும், எதிராளியை நிம்மதியாக ஆடவும் விடக்கூடாது என்று தேடினால், காற்றில் திரிகிற செடிகள்தான் கண்ணில் படும். நான் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து ஆடிப் பார்த்தவன். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே ஜாதி. களத்தில் இறக்கினால்தான் ஜம்ப்ளஃப் காற்றில் ஏறிப் போகிறது, விம்சிகாட் காற்றைக் கிளப்பிவிடுகிறது, பிராம்பிள்கோஸ்ட் காற்று தள்ளிய பக்கம் உருள்கிறது என்பது புரியும்.

மூத்தது ஜம்ப்ளஃப். 1999இல் கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் ஹாப்பிப், ஸ்கிப்ளூம், ஜம்ப்ளஃப் என்று மூன்று படியாக வந்த குடும்பம். ஹாப்பிப்பின் எடை வெறும் அரை கிலோ. பலத்த காற்று வரப்போகிறது என்று தெரிந்தால் ஹாப்பிப்கள் ஒன்றுகூடி, இலையோடு இலை கோத்துக்கொண்டு நிற்கும் என்கிறது விளையாட்டுக்குள் இருக்கும் குறிப்பேடான போக்கிடெக்ஸ். 18ஆவது லெவலில் ஸ்கிப்ளூம் ஆகும். வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால் அதன் தலைப்பூ மலரும். 27இல் ஜம்ப்ளஃப்: மூன்று பஞ்சுருண்டை, 3 கிலோ எடை, கடல் தாண்டி வேறு தேசம் வரைக்கும் மிதந்து போகிற உடம்பு.

அந்தப் பழைய விளையாட்டில் ஹாப்பிப்பை வளர்ப்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. கையில் முதலில் இருக்கும் மூவ், அதாவது களத்தில் போடும் வித்தை, ஸ்ப்ளாஷ். குதிக்கும், அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. டாக்கிள் என்ற சாதாரண அடி வருவதற்கே 10ஆவது லெவல் ஆக வேண்டும். இலவு காத்த கிளி நிலைமைதான். வேடிக்கை என்னவென்றால் இந்த இலவு 27இல் நிஜமாகவே பஞ்சாக வெடிக்கிறது. கிளிக்கு அப்போதும் பழம் கிடையாது, ஏனென்றால் ஜம்ப்ளஃபின் அட்டாக் 55, ஸ்பெஷல் அட்டாக்கும் 55. அடிப்பதற்காக இதை எடுப்பவர் ஏமாந்து போவார்.

எடுப்பது வேகத்துக்கும் பொடிக்கும். வேகம் 110. குளோரோஃபில் என்ற எபிலிட்டி (கூடவே இருக்கும் குணம்) இருந்தால் வெயிலில் அது இரண்டு மடங்கு. டார்கோல் என்ற போக்கிமானைப் பக்கத்தில் நிறுத்தினால் அது வந்தவுடன் வெயில் அடிக்கும். அப்புறம் ஜம்ப்ளஃபை முந்துவதற்கு ஆளைத் தேட வேண்டும். முதல் வேலையாக ஸ்லீப் பவுடரைத் தூவினால் எதிராளியின் முக்கியமான போக்கிமான் தூங்கிவிடும், ஆட்டமே நம் பக்கம் சாயும்.

தூங்கினால்தான். ஸ்லீப் பவுடர் விழுவதற்கான வாய்ப்பு 75 சதவீதம். நான்கில் ஒன்று தவறும் என்று படிக்கும்போது பரவாயில்லை போலத் தோன்றும். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருக்கிற நாளில், கடைசி ஆட்டத்தில், அந்த நாலாவதுதான் வந்து சேரும். எனக்கு வந்திருக்கிறது. 2013இல் எக்ஸ், ஒய் விளையாட்டுகள் வந்ததிலிருந்து கிராஸ் டைப்புகளை எந்தப் பொடியும் தொடாது. சேஃப்டி காகிள்ஸ் என்ற கண்ணாடியை மாட்டியவர்களையும் தொடாது. தூங்கவைக்கலாம் என்று இறங்கிய ஜம்ப்ளஃப் எதிரே இன்னொரு கிராஸ் டைப் நின்றால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கம் குளிர். கிராஸும் ஃப்ளையிங்கும் சேர்ந்த டைப் என்பதால் ஐஸ் அடி நான்கு மடங்காக இறங்கும். மிதந்து போகும்போது குளிர்ந்த காற்று பட்டால் ஜம்ப்ளஃப் தரையிறங்கிவிடும் என்று ஒரு டெக்ஸ் குறிப்பு உண்டு. டைப் கணக்கை இவ்வளவு அழகாகக் கதையில் ஒளித்துவைத்த குறிப்பு வேறு எதற்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, விம்சிகாட். 2010இல் பிளாக், ஒயிட் விளையாட்டுகளோடு வந்தது. பிளாக் வைத்திருப்பவர்களுக்குத்தான் காட்டனீ காட்டில் கிடைக்கும். அதற்கு ஒரு சன் ஸ்டோன் கொடுத்தால் விம்சிகாட். ஆரம்பத்தில் வெறும் கிராஸ் டைப். 2013இல் ஃபேரியும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து டிராகன் அடி இதன்மேல் படவே படாது. பதிலுக்கு பாய்சன் அடி நான்கு மடங்கானது. காட்டனீ மழையில் நனைந்து கனத்துப்போய் மரத்தடியில் ஒதுங்கும். விம்சிகாட் சுழல்காற்றோடு வந்து, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிவைத்து, பஞ்சை இறைத்துவிட்டுப் போகும். எந்தச் சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இதன் எடை 6.6 கிலோ. ஜம்ப்ளஃபைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் அதைவிடக் குள்ளமாக இருந்துகொண்டு.

வேகம் 116 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கவே வேண்டாம். விம்சிகாட்டின் சொத்து ப்ராங்ஸ்டர் என்ற எபிலிட்டி. நேரடியாக அடிக்காத ஸ்டேட்டஸ் மூவ் எதுவானாலும் ஒரு படி முன்னுரிமையோடு போகும். எதிராளி எவ்வளவு வேகமாக இருந்தாலும் டெயில்விண்ட் முதலில் விழும், நான்கு சுற்றுக்கு நம் பக்கத்தின் வேகம் இரட்டிப்பாகும். ஜம்ப்ளஃபுக்கு வெயில் வேண்டும், பக்கத்தில் டார்கோல் வேண்டும், 75 சதவீத அதிர்ஷ்டம் வேண்டும். விம்சிகாட்டுக்கு இதில் எதுவும் தேவையில்லை. டெயில்விண்ட் தவறுவதும் கிடையாது. எனக்கு வித்தியாசமே இந்த ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. டார்க் டைப்புகளிடம் ப்ராங்ஸ்டர் வேகத்தில் போகும் என்கோர், டான்ட் போன்ற தொல்லை மூவ் எதுவும் பலிக்காது. எதிரே இன்சினரோர் என்ற போக்கிமான் நின்றால் அதன் ஃபேக் அவுட் என்ற அடி மூன்று படி முன்னுரிமையோடு வந்து விம்சிகாட்டை அந்தச் சுற்று முழுக்கத் திகைக்கவைத்துவிடும். கோவர்ட் க்ளோக் என்ற பொருளை மாட்டினால் இதைத் தடுக்கலாம். ஆனால் விம்சிகாட்டுக்குப் பலரும் மாட்டுவது ஃபோகஸ் சாஷ், ஒரே அடியில் விழாமல் இருக்க. ஒரு கையில் ஒரு பொருள்தான், என்ன செய்ய.

எல்டிகாஸ் என்ற இன்னொரு பஞ்சுச் செடியையும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2019இல் வந்தது, பஞ்சுத் தலை, விதையைக் காற்றில் பரப்பும், ஸ்பெஷல் டிஃபென்ஸ் 120. வேகம் 60. அடிபடும்போது கூட நிற்கிற நம் ஆளின் வேகத்தையும் சேர்த்துக் குறைக்கிற எபிலிட்டி டபுள்ஸில் எனக்கு வேண்டாம்.

பிராம்பிள்கோஸ்ட் தனி ரகம். 2022இல் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் வந்தது. கரையேற முடியாத ஆன்மா ஒன்று காற்றில் அலைந்து, காய்ந்த புல்லில் சிக்கி, பிராம்பிள்கோஸ்ட்டின் முந்தைய படியான பிராம்ப்ளின் ஆனது என்கிறது டெக்ஸ். எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது. லெவல் ஏற்றி மட்டும் பயனில்லை, பந்திலிருந்து வெளியே விட்டு 1000 காலடி நம்மோடு நடக்கவைத்து, அப்புறம் ஒரு லெவல் ஏற்றினால்தான் வளரும். நடக்கத் தெரியாத செடியை நடத்திக் கூட்டிப்போவது அலுப்பான வேலைதான். இருந்தாலும் அது பின்னாலேயே உருண்டு வருவதைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட மனம் வராது.

மற்ற இரண்டும் தொல்லை கொடுப்பவை. இது அடிப்பது: அட்டாக் 115. விண்ட் ரைடர் எபிலிட்டி இருந்தால் காற்று சார்ந்த மூவ் எதுவும் இதைத் தொடாது, மாறாக அட்டாக் ஒரு படி ஏறும்; நம் பக்கம் டெயில்விண்ட் போட்டாலும் அப்படியே ஏறும். கிராஸும் கோஸ்ட்டும் சேர்ந்த டைப், ஆகவே ஃபயர், ஐஸ், ஃப்ளையிங் மூன்றும் இதற்கு ஆகாது. ஆனால் ஹீட் வேவ், பிளிசர்ட், ஹரிகேன் மூன்றும் காற்று மூவ் என்ற கணக்கில் வருகின்றன. பயப்பட வேண்டிய அடிகளில் மூன்று இதற்கு ஊட்டமாகிவிடுகின்றன. வேறு நெருப்பு அடி எதுவும் வந்தால் வைக்கோல் போல எரியும், அது வேறு விஷயம். வேகம் 90 என்பதும் இடிக்கும்.

அந்த இடியைத் தீர்ப்பது விம்சிகாட்தான். இரண்டையும் சேர்த்து முதலில் இறக்கினேன். விம்சிகாட் டெயில்விண்ட் போட்ட நொடியில் பிராம்பிள்கோஸ்ட்டின் வேகம் இரண்டு மடங்கு, அட்டாக் ஒன்றரை மடங்கு. அதே சுற்றிலேயே எதிராளிக்கு முன்னால் பவர் விப் விழுகிறது. எதிரே இன்சினரோர் இருந்தால் அது ஃபேக் அவுட்டை விம்சிகாட்மேல்தான் போட்டாக வேண்டும், கோஸ்ட் டைப்பை அது தொடாது. ஃபோகஸ் சாஷை அன்றைக்குத்தான் கழற்றிவைத்துவிட்டு க்ளோக்கை மாட்டினேன்.

ஆக, ஆறாவது இடம் விம்சிகாட்டுக்கு. பிராம்பிள்கோஸ்ட்டுக்காக ஐந்தில் ஒருவரை வெளியே அனுப்பவேண்டியதாயிற்று. வெயில் டீம் வைத்திருப்பவர் மட்டும் ஜம்ப்ளஃபை எடுக்கலாம், 75 சதவீதத்தைத் தாங்குகிற நெஞ்சு இருந்தால். என்னுடைய ஜம்ப்ளஃப் இப்போது பெட்டியில் இருக்கிறது. கதை ஆடும்போது மட்டும் வெளியே எடுத்து, பஞ்சை ஆட்டிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன்.