பெல்லட் அடுப்புக்கு ஐந்தில் நாலு, கூட வரும் குழாய்க்கு ஒன்றரை

மேலே தொட்டி, அடியில் சின்ன ஊதுவிசிறி, 12 வோல்ட் அடாப்டர், மணிக்குச் சுமார் ஒரு கிலோ பெல்லட் (மரத்தூளையோ உமியையோ அழுத்திச் செய்த சிறு எரிகட்டி). டெல்டாவில் வீட்டுக்கென்று விற்கும் இந்த வகை அடுப்பில் தீயைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. உலை சீக்கிரம் கொதிக்கிறது, பாத்திரத்தில் கரி ஏறுவதும் விறகடுப்பை விடக் குறைவு. மரத்தூள் பெல்லட் கிலோவுக்கு ஏறத்தாழ 4000 கிலோகலோரி தரும். நம் ரைஸ் மில் உமியில் செய்தது 3200 முதல் 3500 வரை. சாம்பலில்தான் பெரிய வித்தியாசம். மரத்தூளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு, உமியில் 15 முதல் 20. இது பின்னால் குழாய்க்கு வரும் வினை.

அதே பெட்டியில் வரும் புகைக்குழாய் செட்டைத்தான் நம்பக் கூடாது. மூன்று அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சில துண்டுகள், இரண்டு எல்போ (வளைவுத் துண்டு), கொசுவலை அடித்த ஒரு குல்லா. மாட்ட வருபவர் ஜன்னலுக்கு மேலுள்ள வென்டிலேட்டர் வழியாக ஓரடி வெளியே நீட்டிவிட்டு, "ஃபேன் தள்ளிடும் சார்" என்று போய்விடுவார். கொல்லைப் பக்கச் சுவர் மேற்கே பார்த்தால் ஆடிக் காற்று அந்த வாயில் நேராக அடிக்கும். கிழக்கேயோ வடக்கேயோ பார்த்தால் ஐப்பசியில் வாடையும் கொண்டலும் அடிக்கும். சுவரை எப்படி மாற்றினாலும் வருஷத்தில் சில மாதம் புகை அடுக்களைக்கே திரும்பும். வாய் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும்: கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து மூன்று அடி உயரம், பத்தடிக்குள் உள்ள எதையும் விட இரண்டடி கூடுதல்.

உயரம் கேட்பதற்கு இன்னொரு காரணம் கரண்ட். விசிறி நின்ற நொடியில் புகையை வெளியேற்றக் குழாயின் சொந்த இழுவை ஒன்றுதான் மிச்சம். பத்தடிக் குழாயின் உள்ளே 150 டிகிரி, வெளியே 32 டிகிரி என்றால் அந்த இழுவை சுமார் 9.5 பாஸ்கல். வெளியே பூஜ்ய டிகிரி உள்ள ஊரில் அதே குழாய் 13.5 பாஸ்கல் இழுக்கும். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து "அஞ்சடி போதும்" என்பவர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் வெயிலுக்குப் பத்தடிக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். விசிறிக்குச் சின்ன இன்வெர்ட்டரோ 12 வோல்ட் பேட்டரியோ கட்டாயம். 2018 கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழாயின் விட்டத்துக்கு அமெரிக்க வீட்டு பெல்லட் அடுப்புகளில் ஒரு வழக்கக் கணக்கு உண்டு. எல்போவோ டீயோ (T வடிவ மூவாய் இணைப்பு) ஒவ்வொன்றுக்கும் 5 அடி, கிடையாக ஓடும் அடிக்கு ஒரு அடி, செங்குத்து அடிக்கு அரை அடி. கூட்டுத்தொகை 15 அடியைத் தாண்டினால் மூன்று அங்குலம் பற்றாது, நாலு போட வேண்டும். பெட்டியில் உள்ள இரண்டு எல்போவுக்கு 10, கிடையாக 3 அடி, ஏற்றம் 10 அடிக்கு 5: மொத்தம் 18. அவர்கள் அடுப்பில் இருப்பது வலுவான ப்ளோயர், நம்முடையது கம்ப்யூட்டர் ஃபேன் அளவு. அதனால் தொடக்கத்திலேயே நாலு அங்குலத்துக்குப் போய்விடுங்கள். கிடைத் துண்டை அடிக்குக் கால் அங்குலமாவது மேல் நோக்கிச் சாய்த்து, வெளியே எல்போவுக்குப் பதில் டீ வைத்து, அதன் கீழ்வாயில் கழற்றும் மூடி போடச் சொல்லுங்கள்.

குழாயை பேப்ரிகேஷன் பட்டறையில் 24 கேஜ் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 தகட்டில் அடித்து வாங்கலாம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. அங்கே 316 கிடைத்தால் நல்லது. ஜிஐ போட்டால் அடுப்பை ஒட்டிய சூடான முதல் துண்டில் துத்தநாகப் பூச்சு உரிந்து, அங்கிருந்துதான் துரு தொடங்கும். பிவிசி குழாயைத் தொடவே தொடாதீர்கள்: 80 டிகிரியிலேயே வளைந்துவிடும். மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டுக்குள் இறங்கி உட்கார வேண்டும், மாற்றி மாட்டினால் உள்ளே வடியும் கரித்தண்ணீர் சுவரில் வழியும். இணைப்புக்கு மூன்று ஸ்க்ரூ, மேலே பைக் ஸ்பேர் கடையில் என்ஜின் கேஸ்கட்டுக்கு விற்கும் சிவப்பு சிலிக்கான். பாத்ரூம் வெள்ளை சிலிக்கான் கருகிப் போகும்.

சுவரில் ஆறு அங்குலத் துளை போட்டு, இரும்பு ஸ்லீவ் செருகி, இடைவெளியில் ராக்வூல் (தீப்பிடிக்காத பாறைப் பஞ்சு) அடைத்தால் போதும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மர உத்திரம், கைமரம், சட்டம் எதற்கும் நடுவில் 18 அங்குலம் விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கக் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. கீற்றுக் கூரை வழியாகக் குழாய் ஏற்றும் பேச்சே வேண்டாம். கூரைக்கு மேல் ஐந்தடிக்கு அதிகமாக நின்றால் மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் புகை திரும்பினால் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். கதவை மூடிவிட்டு அதைப் போட்டால், உள்ளே வர வழி தேடும் காற்று அடுப்புக் குழாய் வழியாகவே இறங்கும். இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது, சுவரில் காற்று வரும் ஜாலி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பிலும் காட்டுங்கள். புகை வெளியே தள்ளப்பட்டால் அங்கே கசிவு.

உமி பெல்லட் எரித்தால் டீயின் மூடியை வாரம் ஒருமுறை கழற்றிச் சாம்பலைக் கொட்டுங்கள். மரத்தூளுக்கு மாதம் ஒருமுறை போதும். குல்லாவில் உள்ள கொசுவலையை வாங்கிய அன்றே பிய்த்து அரை அங்குலக் கண் வலை மாட்டுங்கள், இல்லாவிட்டால் பறக்கும் சாம்பல் அதை அடைத்துவிடும். ஈரம் குடித்த பெல்லட் உதிர்ந்து மாவாகும், தீ மந்தமாகும், புகை கூடும். அதனால் மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் போடாமல் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள்.

சமையல் முடிந்ததும் விசிறியை உடனே நிறுத்துவது பலருக்குப் பழக்கம். அப்போது சுடர் அணைந்து கங்கு மட்டும் கனியும், கார்பன் மோனாக்சைடு கூடுதலாக வருவதும் அப்போதுதான். நிறமில்லை, மணமில்லை, தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் தெரியவரும். கங்கு சாம்பலாகும் வரை விசிறி ஓடட்டும். அடுக்களையை ஒட்டிப் படுப்பவர்கள் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் அறையில் மாட்டுங்கள். வாரிய சாம்பல் பிளாஸ்டிக் வாளிக்குப் போகக் கூடாது, மூடி போட்ட இரும்புத் தகர டின்னுக்குத்தான்.

கடைக்காரர் குழாய் செட்டைக் கழித்துவிட்டு அடுப்பை மட்டும் தருவாரென்றால் தயங்காமல் வாங்கலாம். மறுத்தால் அந்த எல்போ இரண்டும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.