25 கிலோ திருமணக் கேக் என்று சொல்லி 35,000 ரூபாயை ஏமாற்றி வாங்கினார்கள்: கல்யாண வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த வாரம் பாளையங்கோட்டையில் நடந்த என் தங்கையின் திருமணத்துக்கு 25 கிலோ பிளம் கேக் செய்து தருவதாகச் சொல்லி 35,000 ரூபாய் வாங்கிய ஒரு பெண்மணி, ஐந்து கிலோவைத் தாண்டாத கேக்கையும் அதற்குக் கீழே ஐசிங் பூசிய மூன்று தெர்மாகோல் வட்டங்களையும் அனுப்பி வைத்தார். அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்திய திருமணச் சேவைச் செயலியோ, இதில் தனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று கையை விரித்துவிட்டது. கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு அந்தப் பெண்மணி வேறு யாரிடமாவது முன்பணம் வாங்கிக்கொண்டுதான் இருப்பார். எத்தனை பேருக்கு எவ்வளவு கேக் வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது, சொன்ன அளவு வந்திருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றையும் எழுத நினைத்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் செயலியின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத் திருமணங்களில் கேக் என்பது புகைப்படத்துக்காக வைக்கும் அலங்காரப் பொருள் அல்ல. ஆலயத்தில் திருமண ஆராதனை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும், ஆயர் ஜெபித்த பிறகு மணமக்கள் கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கின் துண்டு வந்திருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். பிரியாணி சாப்பிடாமல் அவசரமாகக் கிளம்புகிறவர்கூடத் துண்டுக் கேக்கை பட்டர் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். கேக் வரவில்லை என்றால் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் மதிக்கவில்லை என்றுதான் பொருள். இதெல்லாம் தெரியாத ஓர் ஊர்க்காரர் ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பெண்மணிக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

செயலியில் அவருடைய பக்கத்தில் நட்சத்திரங்களுக்கும் பாராட்டுகளுக்கும் குறைவில்லை, "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்ற பச்சை முத்திரையும் இருந்தது. ஆனால் நாங்கள் நம்பியது அந்த முத்திரையை அல்ல, அவர் பேசிய விதத்தை. "ஸ்தோத்திரம் அக்கா" என்றுதான் முதல் அழைப்பே தொடங்கியது. எந்தச் சபை, மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், காலை ஆராதனையா மாலை ஆராதனையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் கணக்கைத்தான் சொன்னார். கேக்குக்குப் பின் சாப்பாடும் இருப்பதால் ஒருவருக்கு 50 கிராம் போதும், வெறும் தேநீர் விருந்தாக இருந்தால்தான் 75, 80 கிராம் வேண்டும், பிளம் கேக் கனமானது என்பதால் 50 கிராம் துண்டு சிறியதாகத்தான் இருக்கும், ஆனால் முந்திரியும் திராட்சையும் நிறைந்திருப்பதால் யாருக்கும் குறையாகத் தெரியாது என்றார். 500 பேருக்கு 25 கிலோ, கிலோ 1,400 ரூபாய், ஆக மொத்தம் 35,000 ரூபாய். இவ்வளவு நேர்மையாகக் கணக்குச் சொல்கிறவர் கணக்கிலேயே கைவைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

இரண்டு நாள் கழித்து ருசி பார்க்க ஒரு சிறிய டப்பாவில் கேக் அனுப்பினார். சீனியைக் கருக்கிய அந்த மணமும் திராட்சைச் சாற்றில் ஊறிய பழங்களும் உண்மையிலேயே நன்றாக இருந்தன, அதை நான் மறுக்கவில்லை. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கே கொடுத்துரு" என்றார். அன்று மாலை அந்தப் பெண்மணி தொலைபேசியில் அம்மாவோடு பேசி, தங்கையின் பெயரைக் கேட்டு, அவளுக்காக ஜெபமும் செய்தார். "அக்கா, கேக்கைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம், அது என் பொறுப்பு" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஜெபத்தை நினைக்கும்போதுதான் 35,000 ரூபாயை நினைப்பதைவிட அதிகமாகக் கொதிக்கிறது.

பேசிய எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதித் தரும்படி கேட்டேன், எழுதியும் தந்தார். ஐந்து அடுக்கு வட்டக் கேக், கீழிருந்து மேலாக 14, 12, 10, 8, 6 அங்குல விட்டம், ஒவ்வோர் அடுக்கும் 4 அங்குல உயரம், மொத்தம் 25 கிலோ பிளம் கேக். "டம்மி" என்ற சொல்லோ "தெர்மாகோல்" என்ற சொல்லோ அதில் எங்கும் இல்லை. முன்பணமாக 15,000 ரூபாயைச் செயலி வழியாகச் செலுத்த முயன்றபோது, செயலி எடுக்கும் கமிஷனால் எங்களுக்குத்தான் விலை ஏறும் என்று சொல்லித் தன் கணவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பாரோ.

திருமண நாளில் வேனில் கேக்கைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். மீதி 20,000 ரூபாய் வந்தால்தான் இறக்குவோம் என்று மண்டப வாசலில் நின்றுகொண்டார்கள். ஆலயத்துக்குக் கிளம்பும் நேரம், பெண் அலங்காரத்தில் இருக்கிறாள், வாசலில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நிற்கிறார்கள். பணத்தை அனுப்பினோம். சமையல்காரரிடம் தராசு இருக்கிறது, எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொன்னபோது, அசைத்தால் ஐசிங் விரிசல் விட்டுவிடும் என்று மறுத்தார்கள். அடுக்குகளைச் சேர்த்துக் கட்டும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, கதவைத் திறந்து திறந்து மூடினால் ஏசி குளிர்ச்சி போய்விடும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பி வருவதற்குள் வேன் போய்விட்டது.

ஜெபம் முடிந்து மணமக்கள் மேலடுக்கை வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கேக்கைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் துண்டு போடத் தொடங்கிய பரிமாறுகிறவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேல் இரண்டு அடுக்கையும் வெட்டி முடித்து மூன்றாவதில் கத்தியை இறக்கியிருக்கிறார், கத்தி கிறீச்சென்று நின்றுவிட்டது. ஐசிங்கைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். நான்காவதும் அப்படித்தான், ஐந்தாவதும் அப்படித்தான். தட்டுகளில் ஏற்கெனவே அடுக்கியிருந்த துண்டுகளை எண்ணச் சொன்னேன். 90 துண்டுகள்கூட முழுதாக இல்லை. மண்டபத்தில் ஏறத்தாழ 500 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன் வரிசைகளில் இருந்த ஆயர்களுக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கும் கொடுத்ததோடு தீர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தைமார் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வெறும் மிக்சரும் காபியும்தான் போயின. வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஓடிப்போய்ப் பக்கத்துப் பேக்கரிகளில் இருந்த துண்டுக் கேக்குகளை எல்லாம் வாங்கி வந்தார்கள், அதற்குள் பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்க கேக்குலயும் கணக்குப் பாத்துட்டாங்க" என்று யாரோ சொன்னது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, தங்கையை வழியனுப்பிய பிறகு சொல்லி அழுதார். 35,000 ரூபாயும் கொடுத்து இந்தப் பேச்சையும் வாங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அழைத்தபோது, அந்தப் பெண்மணி எதுவுமே நடக்காததுபோல, கேக் எல்லாருக்கும் பிடித்திருந்ததா என்று கேட்டார். தெர்மாகோலைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறியது. "அடுக்குக் கேக்னாலே கீழ டம்மிதான் வைப்பாங்க அக்கா, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். அப்படியானால் 25 கிலோ என்று எழுதியது என்ன என்று கேட்டேன். அது ஸ்டாண்டு, பலகை, ஐசிங் எல்லாம் சேர்ந்த எடை என்றார். சற்று நேரம் கழித்து, 25 கிலோ கேக்கின் தோற்றம் வரும் என்ற பொருளில்தான் எழுதியதாகச் சொன்னார். அடுத்து அவருடைய கணவர் தொலைபேசியை வாங்கி, ஊழியம் செய்கிற குடும்பத்தைப் பார்த்து இப்படிப் பேசலாமா என்று என்னையே கடிந்துகொண்டார். கடைசியாக, ஐந்தில் இரண்டு அடுக்கு உண்மையான கேக்தானே, அதனால் வேண்டுமானால் ஒரு சிறு தொகையைத் திருப்பித் தரப் "பார்க்கிறோம்" என்றார்கள். அதற்குப் பின் என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

அந்த "ஐந்தில் இரண்டு" என்ற பேச்சில்தான் மோசடியின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேக்கின் அளவு விட்டத்தோடு நேராகக் கூடுவதில்லை, பரப்போடு கூடுகிறது. 12 அங்குலக் கேக் 6 அங்குலக் கேக்கைப்போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 4 அங்குல உயரமுள்ள வட்டக் கேக்கை 2 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் கொண்ட, அந்த 50 கிராம் துண்டைவிடப் பெரிய துண்டுகளாகப் போட்டால், 6 அங்குல அடுக்கில் ஏறத்தாழ 14, 8 அங்குலத்தில் 25, 10 அங்குலத்தில் 39, 12 அங்குலத்தில் 56, 14 அங்குலத்தில் 77 துண்டுகள் வரும். மொத்தம் 211. இதில் எங்களுக்கு உண்மையான கேக்காக வந்த மேல் இரண்டு அடுக்கின் பங்கு 39 மட்டுமே, அதாவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. துண்டைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் இந்த விகிதம் மாறாது. ஐந்து கிலோ வந்தது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், அவர் சொன்ன விலைப்படி அதற்கு 7,000 ரூபாய்தான் ஆகிறது. 35,000 ரூபாயில் மீதி 28,000 ரூபாய் தெர்மாகோலுக்கும் ஜெபத்துக்கும் கொடுத்ததா?

டம்மி அடுக்கு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நேர்மையான பேக்கரிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. வெட்டுவதற்கு மேலே ஓர் அடுக்கு உண்மையான கேக், கீழே அலங்காரத்துக்கு டம்மி, பரிமாறுவதற்குத் தேவையான எடையில் தட்டுத் தட்டாகச் சதுரக் கேக் சமையல்கட்டில் தனியாக இருக்கும். உண்மையில் பெரிய கூட்டத்துக்கு அதுவே நல்ல வழி. சதுரக் கேக்கில் துண்டுகள் ஒரே அளவில் வரும், ஓரம் வீணாகாது, பரிமாறுவதும் சீக்கிரம் முடியும். அவர்கள் டம்மிக்கு டம்மியின் விலையும் கேக்குக்குக் கேக்கின் விலையும் வாங்குகிறார்கள். இந்தப் பெண்மணி இரண்டுக்கும் கேக்கின் விலையை வாங்கினார்.

செயலிக்கு வருகிறேன். புகார் எழுதியதும், என் கருத்து தங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. வாட்ஸ்அப் செய்திகளையும் தெர்மாகோல் படங்களையும் அனுப்பிய பிறகு, பணம் தங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் விற்பனையாளரோடு நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி இன்னொரு பதில். பச்சை முத்திரை எதைச் சரிபார்த்துக் கொடுத்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நான் எழுதிய மதிப்புரையை விதிமுறைக்கு மாறானது என்று சொல்லி வெளியிட மறுத்துவிட்டார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று அந்தப் பெண்மணியின் பக்கத்தில் புதிய படம் ஒன்று ஏறியிருக்கிறது: எங்கள் மண்டபத்துத் திரைச்சீலைக்கு முன்னால் என் தங்கையின் கேக், கீழே "500 விருந்தினருக்கான 25 கிலோ ஐந்தடுக்குத் திருமணக் கேக்" என்ற விளம்பர வாசகம். எங்களிடம் தோற்றம் என்று சொன்னவர் ஊருக்கு 25 கிலோ என்கிறார். அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 35,000 ரூபாய்க்காக யார் நீதிமன்றம் போவார்கள் என்ற துணிச்சலில்தான் இவர்கள் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி செயலியும் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லக் கடமைப்பட்டது. அந்த மாதம் முடியட்டும், அடுத்த மனு திருநெல்வேலி ஆணையத்துக்குப் போகும்.

அளவுகளைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன், எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுக்குகளின் எண்ணிக்கையைக் கேட்டு ஏமாறாதீர்கள், உண்ணக்கூடிய கேக் எத்தனை கிலோ, எந்தெந்த அடுக்கு டம்மி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வருகிறவர்களின் எண்ணிக்கையை 50 கிராமால் பெருக்கி, வெட்டும்போது உதிர்வதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் அச்சிட்ட ரசீது தராதவரிடம் கொடுக்காதீர்கள், எங்களுக்குக் கிடைத்த துண்டுச்சீட்டில் அது இல்லை. தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கேக் வந்து இறங்கும்போது வீட்டுக் காரியங்களில் இல்லாத ஓர் ஆளைக் கூடவே நிறுத்தி, ஒவ்வோர் அடுக்கின் பின்பக்கத்திலும் ஒரு நீளமான குச்சியைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது கேக்தான் என்று உறுதியானால் மட்டும் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.